வலிமருந்து இல்லாத பிரசவம்: நிறைமாதத் தயாரிப்பிலிருந்து முதல் பாலூட்டல் வரை

எபிடியூரல் எனப்படும் முதுகுத்தண்டு ஊசி, மயக்க ஊசி, வலியை மட்டுப்படுத்தும் வாயு என எதுவும் இல்லாமல், உடலின் சொந்த வேலையையும் கூட இருப்பவர்களின் துணையையும் நம்பிப் பிள்ளை பெறுவதுதான் வலிமருந்து இல்லாத பிரசவம். தமிழ்நாட்டில் இது அரிய செய்தி கிடையாது. அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவம் ஆகும் பெண்களில் பெரும்பாலானவர்கள் இன்றைக்கும் வலிமருந்து இல்லாமல்தான் பெறுகிறார்கள். ஆனால் அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு வழி இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொல்வதும் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு, எழுந்து நடக்கும் உரிமையோடு, கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளோடு வலியைச் சந்திப்பது ஒரு விதம். மல்லாக்கப் படுக்கவைத்து, "கத்தாதம்மா" என்று அதட்டி, தனியாக விடப்பட்டு அதே வலியைப் படுவது இன்னொரு விதம். மருந்து இரண்டிலும் இல்லை. முதலாவதைத்தான் தயாரிப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வெறும் கைவிடல்.

பிரசவ அறைக்குள் மயக்க மருந்து நுழைந்தது 1847இல். எடின்பரோவில் மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் முதலில் ஈதரையும், அதே ஆண்டில் குளோரோஃபார்மையும் பிரசவத்தில் பயன்படுத்தினார். 1853இல் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது மருத்துவர் ஜான் ஸ்நோ குளோரோஃபார்ம் கொடுத்த பிறகு அதற்கு மதிப்புக் கூடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து 'அரைத்தூக்க' முறை பரவியது. மார்ஃபினும் ஸ்கோபலமினும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதில் வலி போகவில்லை, வலித்த நினைவுதான் அழிந்தது. வலியில் புரண்டு விழாமல் இருக்கப் பெண்களைக் கட்டிலோடு கட்டிவைத்த மருத்துவமனைகளும் இருந்தன. விழித்திருந்து, தன் நினைவோடு பெற வேண்டும் என்ற குரலுக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் எழுதிய நூல் அந்தக் குரலுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயமும் கூடும் என்றார் அவர். 1951இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போய் வந்த பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ், அங்கே கண்ட பயிற்சியை மூச்சுப் பயிற்சிகளோடு சேர்த்துப் பாரிஸில் வளர்த்தார். அமெரிக்காவில் மருத்துவர் ராபர்ட் பிராட்லி கணவனைப் பயிற்சித் துணையாக உள்ளே கொண்டுவந்தார். இன்று சென்னையிலும் கோவையிலும் நடக்கும் பிரசவ வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இவர்கள் விட்டுச்சென்றதுதான். டிக்-ரீட் சொன்ன ஒன்றை மட்டும் ஏற்பதற்கில்லை. பயம் நீங்கிய இயல்பான பிரசவத்தில் வலி இருக்கத் தேவையில்லை என்ற அளவுக்கு அவர் போனார். தைரியசாலிக்கும் வலிக்கும். வலித்தால் அது அவளுடைய குறை என்று எண்ணவைக்கும் எந்தப் போதனையும் பிரசவ அறைக்கு உதவாது.

பிரசவ வலி மற்ற வலிகளைப் போன்றது இல்லை. காயம்பட்ட வலி தொடர்ந்து வலிக்கும். இது விட்டு விட்டு வரும். கருப்பையின் தசை மேலிருந்து இறுகி, கீழே உள்ள கருப்பை வாயை மெலிதாக்கி மேலே இழுத்துத் திறக்கிறது. வாய் 10 சென்டிமீட்டர் திறக்கும் வரை உள்ளது முதல் கட்டம். அந்த வலி அடிவயிறு, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி, தொடை என்று பரவலாகத் தெரியும். குழந்தை இறங்கும் இரண்டாம் கட்டத்தில் வலியின் இடம் மாறிவிடும்: பிறப்புறுப்பும் அதன் சுற்றுப்புறமும் விரிவதால் கூர்மையாக, இன்ன இடம் என்று சுட்டிக்காட்டக்கூடிய வலி. வலியை வரவழைக்கும் ஆக்ஸிடோசின் உடம்பில் சிறு சிறு அலைகளாகச் சுரக்கிறது. கூடவே வலியைத் தணிக்கும் எண்டார்ஃபினும் ஏறிக்கொண்டே போகிறது. பயமும் கூச்சமும் அதட்டலும் அட்ரினலினைக் கூட்டும். முதல் கட்டத்தில் அது கூடினால் வலி தேங்கிப்போகும். வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி லேபர் வார்டு வாசலை மிதித்ததும் நின்றுபோவது பல பெண்களுக்கு நடப்பதுதான்.

குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றும் ஆக்ஸிடோசின் வேறு விதமாக நடந்துகொள்கிறது. ரத்தத்தில் ஏறும் அந்த மருந்து மூளையின் எண்டார்ஃபின் சுரப்பைத் தன்னோடு கூட்டிவருவதில்லை. வலிகளுக்கு நடுவே உள்ள ஓய்வும் குறையலாம். அதனால் மருத்துவக் காரணம் இல்லாமல் வலியை முடுக்கிவிடுவது, வலிமருந்து வேண்டாம் என்று இருக்கும் பெண்ணுக்குப் பெரிய தடை. காரணம் இருந்தால் அதே மருந்து உயிர் காப்பது. எது எப்போது என்று முன்கூட்டியே மருத்துவரோடு பேசிவைக்க வேண்டிய முதல் விஷயம் இது.

தயாரிப்பு தொடங்குவது மூச்சுப் பயிற்சியில் இல்லை, மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில். 2019–21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவு 21.5 சதவீதம். ஒரு மருத்துவமனையின் வழக்கம் என்ன என்று கேட்காமல் யோகா வகுப்புக்கு மட்டும் போய்வருவதில் பாதிப் பயன்கூட இல்லை. இங்கே சிசேரியன் எவ்வளவு? வலியில் நடக்க விடுவார்களா? சாப்பிட, தண்ணீர் குடிக்க விடுவார்களா? துணைக்கு யார் உள்ளே வரலாம்? படுத்துத்தான் பெற வேண்டுமா? எல்லாருக்கும் கீறித் தையல் போடுகிறார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தை ஏழாம் மாதத்திலேயே மாற்றிவிடலாம். ஒன்பதாம் மாதத்தில் மாற்றுவது கடினம்.

எல்லாருக்கும் இந்த வழி ஒத்துவராது. ரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், குழந்தை குறுக்காக இருப்பவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவரின் திட்டமே முதன்மை. மறுபுறம், "கொடி சுத்தியிருக்கு" என்ற ஒரே வார்த்தையில் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். தொப்புள்கொடி கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பது பல குழந்தைகளிடம் காணப்படுவது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் தளர்த்திக் கழற்றிவிடுகிறார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கும்போது அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாவதில்லை.

உடம்புக்கான தயாரிப்பு எளிது. தினமும் நடப்பது, குத்தவைத்து உட்கார்வது, சம்மணமிட்டு எழுவது, தவழும் நிலையில் இருந்து முதுகை வளைத்து நிமிர்த்துவது ஆகியவை இடுப்பை இளக்கி, தொடைக்கு வலு சேர்க்கும். "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா சுகப்பிரசவம் ஆயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதில் நடமாட்டத்தைப் பற்றிய பகுதி சரி. உத்தரவாதம் பற்றிய பகுதி சரியில்லை. அந்தப் பேச்சின் மறுபக்கம்தான், சிசேரியன் ஆன பெண்ணைப் பார்த்து "சோம்பேறியா இருந்துட்டா" என்று சொல்லும் கொடுமை. முப்பத்தைந்தாவது வாரம் போல் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு முறை சுத்தமான எண்ணெயால் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை உட்புறமாக விரலால் நீவிவிடுவதற்கு நல்ல ஆதாரம் உண்டு: தலைப்பிரசவத்தில் தையல் தேவைப்படும் கிழிசலை இது குறைக்கிறது. வெட்கப்பட்டு யாரும் சொல்லித்தராததால் பெரும்பாலான பெண்களுக்கு இது தெரிவதே இல்லை.

மூச்சுப் பயிற்சியில் சிக்கலான எதுவும் தேவையில்லை. வலி தொடங்கும்போது மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். தாடையும் தோளும் உள்ளங்கையும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதை வலி இல்லாத நாட்களில் தினமும் செய்து பழகியவருக்கே வலியில் நினைவு வரும்.

எல்லாவற்றிலும் பெரியது துணை. தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, வலிமருந்தின் தேவை குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017இல் சொன்னது. இந்தப் பலனைத் தரும் வேறொரு மருந்தோ கருவியோ இல்லை, செலவும் இல்லை. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் ஒருவரைத் துணையாக உள்ளே அனுமதிக்க இந்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வழிவகுத்தது. தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதால், துணை பெரும்பாலும் அம்மா, அத்தை, அக்கா. அவர்களையும் ஒருமுறை வகுப்புக்கு அழைத்துப்போவது நல்லது. மகள் துடிப்பதைப் பார்த்து, "ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்று முதலில் அழுவது அந்த அம்மாவாகவே இருக்கக்கூடும்.

கடைசி வாரங்களில் வந்து போகும் வலியைச் சூட்டு வலி, பொய் வலி என்பார்கள். சீரகக் கசாயம் வைத்துக் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி என்று முடிவு செய்வது வழக்கம். அந்தத் தீர்ப்பைத் தரும் சக்தி சீரகத்துக்கு உண்டென்று சொல்ல முடியாது. ஆனால் சூடாக எதையாவது குடித்துவிட்டு, அரை மணி நேரம் பொறுத்து, வலியின் போக்கைக் கவனிப்பது மிகச் சரியான செயல். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தணியும். உண்மை வலி நேரம் ஆக ஆக நெருங்கும், நீளும், வலுக்கும். நிலை மாற்றினாலும் நிற்காது. தலைப்பிரசவத்தில் சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். மருத்துவமனை தொலைவு என்றால் முன்பே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலை பிளக்கும் வலியோ கண் மங்கலோ வந்தாலோ நேரம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதையும் போன உடனே சொல்ல வேண்டும்.

கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரையிலான காலம் இத்தனை மணி என்று வரையறுக்க முடியாதது. ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் தூங்க முடிந்தால் தூங்குவதும், இட்லியோ கஞ்சியோ சாப்பிடுவதும், வெந்நீர் ஊற்றிக்கொள்வதும், அவ்வப்போது சிறுநீர் கழிப்பதும்தான் வேலை. முதல் வலியிலிருந்தே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கி, நள்ளிரவுக்குள் களைத்துப்போகும் பெண்கள் பலர். 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் தீவிரக் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன. அது தலைப்பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை அந்தப் பரிந்துரைகள் கைவிட்டன. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது 'இன்னும் திறக்கல' என்பது மட்டுமே அவசரத்துக்குக் காரணம் ஆகாது.

தீவிரக் கட்டத்தின் ஒரு வலியைக் கிட்ட இருந்து பார்த்தால் அதற்கு ஒரு வடிவம் இருப்பது தெரியும். முதல் பத்து விநாடி, முதுகில் ஓர் இறுக்கம். பெண் பேச்சை நிறுத்துகிறாள். நடந்துகொண்டிருந்தால் சுவரையோ கட்டில் கம்பியையோ பிடித்துக் குனிகிறாள். இருபது விநாடிக்குள் வயிறு கல்லாகிறது. நடுவிலுள்ள இருபது விநாடிதான் உச்சம். அப்போது தொண்டையிலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு முனகல் வந்தால் நல்லது, கீச்சென்ற அலறல் வந்தால் தோள் இறுகிவிட்டது என்று பொருள். துணைக்கு நிற்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகெலும்பின் கீழ்முனைக்கு மேலே உள்ள தட்டையான எலும்பில் அழுத்தமாக ஊன்ற வேண்டும். தடவுவது போதாது, உடம்பின் எடையையே அதில் சாய்க்கலாம். பிறகு மெல்ல இளகுகிறது. வலி விட்டதும் ஒரு வாய் தண்ணீர், முகத்தில் ஈரத்துணி, நீண்ட பெருமூச்சு. அடுத்த வலி வரை இரண்டு மூன்று நிமிடம் முழு ஓய்வு. இப்படி அழுத்துவது ஏன் வலியைக் குறைக்கிறது என்பதற்கு 1965இல் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த கதவுக் கோட்பாடு விளக்கம் தருகிறது: தொடு உணர்வின் செய்திகள் முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கான வழியை அடைக்கின்றன.

நின்று, நடந்து, குந்தி, முட்டிபோட்டு இருக்கும்போது குழந்தையின் எடை கீழ்நோக்கி வேலை செய்கிறது. மல்லாக்கப் படுத்தால் பெரிய ரத்தக் குழாய்கள் அமுங்குவதோடு, இடுப்பெலும்பின் பின்பகுதி அசைய இடமும் குறைகிறது. கட்டாயம் படுத்தே கிடக்க வேண்டும் என்ற விதிக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டால் போதுமான பெண்ணை, வயிற்றில் பெல்ட் கட்டிக் கட்டிலில் கிடத்திவைப்பதற்கும் ஆதாரம் இல்லை.

கருப்பை வாய் 8இலிருந்து 10 சென்டிமீட்டருக்குப் போகும் நேரமே மிகக் கடினமானது. உடல் நடுங்கும், வாந்தி வரும், வியர்க்கும், குளிரும். "என்னால முடியல, ஏதாவது பண்ணுங்க" என்று பெரும்பாலான பெண்கள் சொல்வது இங்கேதான். பக்கத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால், பயப்படாமல், கண்ணைப் பார்த்து, "இந்த ஒண்ணு மட்டும் பாப்போம்" என்று சொல்ல முடியும். ஒவ்வொரு வலியாகத்தான் அந்த நேரத்தைக் கடக்க முடியும். அப்படியும் அவள் மருந்து கேட்டால், அதைக் கொடுக்க வசதி இருந்தால், கொடுப்பதுதான் நியாயம். நன்றாக யோசித்து முன்பு வேண்டாம் என்று சொன்னவளுக்கு, இப்போது வேண்டும் என்று சொல்லும் உரிமை போய்விடவில்லை. எபிடியூரல் போட்டால் சிசேரியன் கூடும் என்ற பயத்தையும் ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

பிறகு வலியின் குணம் மாறும். "வெளிக்குப் போற மாதிரி இருக்கு" என்று பெண் சொன்னால் தலை இறங்கிவிட்டது என்று செவிலியர்கள் புரிந்துகொள்வார்கள். உடம்பே முக்கத் தொடங்கும். மூச்சை அடக்கி, பத்து எண்ணும் வரை முக்கு என்று கத்திச் சொல்ல வேண்டியதில்லை. தானாக வரும் உந்துதலோடு முக்குவதையே பரிந்துரைகள் ஆதரிக்கின்றன. மேலிருந்து வயிற்றை அமுக்கித் தள்ளுவது கூடவே கூடாது. எல்லாருக்கும் வழக்கமாகக் கீறிவிடுவதும் தேவையில்லை. தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரை போகலாம்.

தலை தெரியும்போது சதை முழுவதும் விரிந்து, தீப்பட்டது போன்ற எரிச்சல் எழும். அந்த நேரத்தில் முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து சிறு சிறு மூச்சாக விட வேண்டும். வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கீழே ஒற்றிப் பிடித்தால் எரிச்சல் தணியும், ஆழமான கிழிசலும் குறையும். கையைக் கீழே கொண்டுபோய்க் குழந்தையின் ஈரமான தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், களைத்துக் கிடந்த பெண்ணுக்குப் புது வலு வரும். தலை வந்து, ஒரு தோள் திரும்பி, அடுத்த வலியில் முழு உடலும் வழுக்கி வெளியே வரும். வலி அந்த நொடியே ஓய்ந்துவிடும்.

குழந்தையைத் துடைத்து, துணி எதுவும் இடையில் இல்லாமல் தாயின் மார்பின் மேல் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்துக் கட்டினால் நஞ்சுக்கொடியில் உள்ள ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். இரும்புச் சத்துக்குறை மிகுந்த நம் ஊரில் அந்த ஒரு நிமிடத்துக்கு விலையே இல்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது நல்லது. எடை பார்ப்பதும் குளிப்பாட்டுவதும் காத்திருக்கலாம்.

நஞ்சுக்கொடி வெளியே வரும் மூன்றாம் கட்டத்தில் மட்டும் மருந்தை மறுக்கக் கூடாது. நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்தபின் கருப்பை இறுகாவிட்டால் ரத்தப்போக்கால் உயிரே போகக்கூடும். அதனால்தான் குழந்தை பிறந்ததும் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். இது வலிமருந்து இல்லை; ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காமல் ஓர் இளம் தாய் இறந்தார். வலிமருந்து வேண்டாம் என்பதும் மருத்துவ உதவியே வேண்டாம் என்பதும் வேறு வேறு. பயிற்சி பெற்ற கையும் ரத்தம் ஏற்றும் வசதியும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் முதலாவதைத் தேர்ந்தெடுக்கவே முடியும்.

பாலூட்டும்போது முதல் சில நாட்கள் அடிவயிற்றில் பின்வலி வரும். கருப்பை சுருங்குவதன் அடையாளம் அது, இரண்டாம் மூன்றாம் பிரசவங்களில் கூடுதலாக வலிக்கும். தையல் இருந்தால், எத்தனை நாளில் கரையும், எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தாய் சிறுநீர் கழித்தாக வேண்டும். முதல் 24 மணி நேரம் ரத்தப்போக்கு, நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் கவனிக்கிறார்களா என்று துணைக்கு இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கட்டியாக ரத்தம் போனாலோ, சிறிது நேரத்தில் துணி முழுவதும் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போனபின் என்றால் 108ஐ அழைக்க வேண்டும்.